வாந்திபேதியும் வர்க்கமும்: கண்டிச் சீமை பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

நோயின் வரலாற்றை மருத்துவருக்கே உரியதென விட்டுவிடுதல் நமது ஆய்வு மரபின் குறைபாடுகளுள் ஒன்றாகும். நோய்க்கு இடப்படும் பெயரும் நோயாளிமீது சுமத்தப்படும் பழியும் சமூக உறவுகளினின்றே பிறக்கின்றன. இவ்வகையில் 'வாந்திபேதி' என்னும் சொல் இலக்கிய மாணவரின் கவனத்துக்கும் உரியது.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1820களில் கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பிச் செய்கை, 1840களில் கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் பெருகிற்று. தமிழகத்துத் தொழிலாளர் மன்னாரில் இறங்கி, மாத்தளை வழியாகக் கால்நடையாகவே மலையேறினர். வழியிலேயே வாந்திபேதிக்குப் பலியானோர் பலர். அச்சொல் கொலராவைக் குறித்தது. எனினும் அறிகுறி பற்றி எழுந்த பெயராதலின், வேறு காரணங்களால் வரும் கழிச்சலும் அதனுள் அடங்க இடமிருந்தது. துரைமாரோ தொழிலாளியின் 'அசுத்தப் பழக்கத்தை'க் காரணமாக்கினர். குடிநீரும் மலசலகூடமும் அற்ற லயன்களைக் கட்டியவர் யார் என்ற வினா இதனால் மறைக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கெனக் கட்டளைச் சட்டம் பிறந்தது 1872இலேயே; கோப்பி வேரூன்றி ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னர்.

1884இல் றொபேட் கொக் கொலராக் கிருமியை இனங்கண்டறிவித்த பின்னரும், வைத்தியசாலைக்கு வந்த குழந்தைகளின் வயிற்றோட்டத்திற் பெரும்பகுதிக்குக் காரணம் புலப்படவில்லை. 1968இல் அமெரிக்காவின் நோர்வோக் நகரப் பாடசாலையொன்றிற் பரவிய நோய்க்குரிய வைரசு 1972இல் இனங்காணப்பட்டது. 1973இல் மெல்பேண் நகரில் றூத் பிஷப் குழுவினர், நோயுற்ற குழந்தைகளின் குடற்றிசுவில், சக்கரவடிவான றோட்டா வைரசை இலத்திரன் நுணுக்குக்காட்டி மூலம் கண்டனர். வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் இளங்குழந்தைகளின் கடும் வயிற்றோட்டத்துக்கு உலகெங்கும் இதுவே முதன்மைக் காரணி எனப் பின்னர் தெளிவாயிற்று. விடுதிக்குள்ளும் கைகள், கட்டில்கள், பாத்திரங்கள் வழியாக இது பரவவல்லது. நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் இதன்முன் பயனற்றவை.

இங்கு மனங்கொள்ளத்தக்க உண்மை ஒன்றுண்டு. தடுப்பூசி வருமுன்னர், செல்வந்த நாட்டிலும் வறிய நாட்டிலும் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் ஐந்து வயதுக்குள் றோட்டா வைரசின் தொற்றுக்கு ஆளாயினர். ஆயினும் 2008இல் அதனால் மாண்டோரென மதிப்பிடப்பட்ட சுமார் 4,50,000 குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் வறிய நாடுகளைச் சேர்ந்தோர். தொற்றிற் காணப்படாத வர்க்க வேறுபாடு மரணத்திலே வெளிப்படுகிறது. கொல்வது நீரிழப்பு, அதனை ஈடுசெய்ய உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் பெரும்பாலும் போதும். 1971இல் வங்காள அகதி முகாமில் திலீப் மகலானபிஸ் இதனை நிறுவிக் காட்டினார். நம்மிடையே 'ஜீவனி' என வழங்குவதும் இத்தகைய கரைசலே.

எனவே 'பழக்கம்' பற்றிய துரைமாரின் வாதம் இந்நோயிற் பொருந்தாது. அதேவேளை, வறுமையே யாவற்றுக்கும் காரணமெனக் கூறி அமைவதும் இயந்திரப் பாங்கான விளக்கமே. சுத்தமான நீர் கொலராவைத் தடுக்கும். றோட்டா வைரசுக்கு அது மட்டும் போதாது. தடுப்பூசியும் வேண்டும். 2009இல் உலக சுகாதார நிறுவனம் அதனை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது.

மலையுச்சி லயனுக்கும் கண்டி வைத்தியசாலைக்கும் இடையிலுள்ள தூரத்தை மைலால் மட்டும் அளத்தல் ஆகாது. குழந்தையைத் தூக்கிச் செல்லும் தாய் இழக்கும் நாட்கூலியும் அதன் அளவுகோலே. தோட்டத்து மரணப் பதிவுகளையும் மலையக மக்களின் வாய்மொழி வழக்காறுகளையும் ஒருங்கே வைத்துக் கற்பதே இவ்வரலாற்றை எழுதும் வழியென நாம் கருதுகிறோம்.