கோட்டைக்கு அரணாய் நின்ற வாவி

வெள்ளவத்தையிலிருந்து கொழும்புக் கோட்டைக்குப் புகைவண்டியிற் செல்வோர், கொள்ளுப்பிட்டியைக் கடந்த சிறிது நேரத்தில் வலப்புறத்தே பரந்த நீர்நிலை ஒன்றைக் காண்பர். பேர வாவி என வழங்கும் அது இயற்கை தந்த ஏரியன்று. அச்சம் தோற்றுவித்த ஏரியாகும்.

பதினாறாம் நூற்றாண்டிலே கொழும்பிற் கோட்டை அமைத்த போர்த்துக்கேயருக்குக் கடற்புறத்திற் கப்பல்கள் காவலாயின. நிலப்புறத்திற் காவல் வேண்டி, தாழ்ந்த சதுப்பு நிலத்தில் நீரைத் தேக்கி அவர்கள் வாவியாக்கினர். அந்நீரே கோட்டையின் வலிமை என்பதைப் பகைவரும் உணர்ந்திருந்தனர். 1587ஆம் ஆண்டிற் கொழும்பை முற்றுகையிட்ட சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன், வாய்க்கால் வெட்டி வாவியின் நீரை வடியச் செய்தான். எனினும் கோட்டை வீழவில்லை. மறு ஆண்டு முற்றுகை நீங்கியது.

1656ஆம் ஆண்டில், பல திங்கள் நீடித்த முற்றுகைக்குப் பின், ஒல்லாந்தர் கொழும்பைக் கைப்பற்றினர். அவர்கள் காலத்திலே வாவிக்கு வேறொரு பணியும் வாய்த்தது. ஒல்லாந்தக் கொம்பனியின் அடிமைகள் வாவியை அடுத்த நிலப்பகுதியில் வைக்கப்பட்டனர். தப்பியோட எண்ணுவோரை அஞ்சச் செய்ய, நீரில் முதலைகள் விடப்பட்டன என்று செவிவழிச் செய்தி கூறும். பகைவன் உள்ளே புகாதிருக்கத் தேக்கிய நீர், அடிமை வெளியே போகாதிருக்கவும் பயன்பட்டது. அவ்விடத்தை ஆங்கிலேயர் அடிமைத் தீவு என்றே குறித்தனர்; தமிழ் மக்களோ கொம்பனித்தெரு என்பர். ஒரு பெயர் அடிமைகளை நினைவூட்ட, மற்றது அவர்தம் எசமானரை நினைவூட்டுகின்றது.

1796ஆம் ஆண்டிற் கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869ஆம் ஆண்டு தொடங்கிக் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. மதில் போயிற்று, வாவி எஞ்சியது. வாணிகம் பெருகவே, கரையிற் பண்டசாலைகள் எழுந்தன. சரக்குப் படகுகள் துறைமுகத்திற்கும் வாவிக்கும் இடையே ஓடின. 1932ஆம் ஆண்டிலே தினகரன் நாளிதழைத் தொடங்கிய பத்திரிகை நிறுவனமும் இவ்வாவியாற் பெயர் பெற்றது. ‘ஏரிக்கரை’ என்றாலே தமிழ் வாசகருக்கு அந்நிறுவனம் நினைவில் எழும்.

முன்னர் ஏறக்குறைய 165 ஹெக்டேயர் பரந்திருந்த வாவி, கரைகள் தூர்க்கப்பட்டமையால் இன்று 65 ஹெக்டேயரளவிற் சுருங்கியுள்ளது. நகரின் கழிவுநீர் கலந்து அதன் நீரும் பசுமை படர்ந்து கெட்டது. தூய்மையாக்கும் பணிகள் காலந்தோறும் நடைபெற்றுள்ளன. எனினும் கழிவு வந்து சேரும் வழிகள் அடைபடாதவரை அவற்றின் பயன் நிலைப்பதில்லை.

முற்றுகையிட்ட மன்னன் வடித்த நீர் மீண்டும் நிறைந்தது. நகர மாந்தர் சிறிது சிறிதாகத் தூர்த்த நிலமோ மீண்டும் நீராகவில்லை. பகைவரின் படையைத் தாங்கிய வாவி, தன் கரையில் வாழ்வோரின் அசட்டையைத் தாங்குமோ என்பதே இன்று கொழும்பு மக்கள் எண்ணிப் பார்க்கவேண்டியதாகும்.