ஏப்ரில் 23: ஒரு திகதி, இரு நாட்கள்

உலகின் பல நாடுகளில் ஏப்ரில் மாதம் 23ஆம் திகதி நூல்களின் திருநாளாகக் கொண்டாடப்படுகின்றது. யுனெஸ்கோ நிறுவனத்தின் பொது மாநாடு 1995ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிற் கூடியபோது இத்திகதியைத் தெரிந்தெடுத்தது. ஆங்கில நாடகாசிரியர் வில்லியம் ஷேக்ஸ்பியர், ஸ்பானிய நாவலாசிரியர் மிகுவேல் டி செர்வாண்டிஸ், பெரு நாட்டில் தோன்றிய வரலாற்றாசிரியர் இன்கா கார்சிலாசோ டி லா வேகா ஆகிய மூவரும் 1616ஆம் ஆண்டு இத்திகதியிலே மறைந்தனர் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். இரு மொழிகளின் முடிமணிகளாய் விளங்கிய இரு பெரும் எழுத்தாளர் ஒரே நாளிற் கண்மூடினர் என்பது கேட்பதற்கு இனிய செய்தியே. இத்துணை இனிய செய்திகளைச் சற்று ஐயத்துடன் நோக்குவது வரலாறு கற்போர்க்கு வழக்கம். இங்கே அவ்வையம் வீண்போகவில்லை.

யூலியஸ் சீசர் வகுத்த நாட்காட்டி ஓர் ஆண்டுக்கு முந்நூற்றறுபத்தைந்தே கால் நாள் எனக் கணக்கிட்டது. மெய்யான ஆண்டு அதனினும் ஏறத்தாழப் பதினொரு நிமிடம் குறைந்தது. அற்பமான பிழைதான், ஆயின் ஏறக்குறைய நூற்றிருபத்தெட்டு ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாக வளர்ந்துவிடும். இவ்வாறு சேர்ந்த பத்து நாட்களைப் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகரி 1582ஆம் ஆண்டிலே நீக்கினார். அவ்வாண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி வியாழக்கிழமை உறங்கச் சென்ற உரோமாபுரி மக்கள் மறுநாட் காலை விழித்தபோது, அது ஒக்டோபர் 15ஆம் திகதி வெள்ளிக்கிழமையாயிருந்தது. ஸ்பானியாவும் போர்த்துக்கலும் அன்றே புதிய கணக்கை ஏற்றுக்கொண்டன. பாப்பரசரோடு பிணங்கி நின்ற இங்கிலாந்தோ 1752ஆம் ஆண்டுவரை பழைய கணக்கையே பற்றிநின்றது. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் வருடப் பிறப்பு நேரத்தில் முரண்படுவதைக் கண்டு பழகிய தமிழருக்கு இது பெரு வியப்பன்று. எனினும் அங்கே வேறுபாடு நாழிகைக் கணக்கு; இங்கே முழுப் பத்து நாள்.

ஆகவே இங்கிலாந்தில் ஏப்ரில் 23 என்று எழுதப்பட்ட நாள், ஸ்பானியாவில் மே மாதம் 3ஆம் திகதி. செர்வாண்டிஸ் மண்ணில் மறைந்து பத்து நாட்கள் சென்ற பின்னரே ஷேக்ஸ்பியர் இறந்தார். அஃதன்றியும், செர்வாண்டிஸ் உயிர் நீத்தது 22ஆம் திகதி வெள்ளிக்கிழமை என்றே இன்றைய ஆராய்ச்சியாளர் கொள்வர். 23ஆம் திகதி, மத்ரித் நகரத் தேவாலயப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறிய நாள். அடக்க நாளையே பதிவு செய்வது அக்காலத்து வழக்கம்.

ஷேக்ஸ்பியர் பிறந்ததும் இதே திகதியில் என்பர். ஸ்திராற்போர்ட் தேவாலய ஏட்டில் உள்ளது 1564ஆம் ஆண்டு ஏப்ரில் 26ஆம் திகதி அவர் ஞானஸ்நானம் பெற்றார் என்ற குறிப்பு மட்டுமே. பிறந்து மூன்று நாட்களில் ஞானஸ்நானம் நிகழ்ந்திருக்கலாம் என்ற ஊகத்தோடு, 23ஆம் திகதி இங்கிலாந்தின் காவற் புனிதரான ஜோர்ஜின் திருநாள் என்ற பெருமையும் சேர்ந்தபோது, ஊகம் உண்மையின் கோலம் பூண்டது. இறந்த நாளோ அவரது நினைவுச் சின்னத்திலே பொறிக்கப்பட்டுள்ளது. 1616 மார்ச் 25ஆம் திகதி அவர் கையொப்பமிட்ட மரணசாசனம் இன்றும் இருக்கின்றது. தம் மனைவிக்கு இரண்டாந்தரக் கட்டிலை விட்டுச் சென்றதாக அதில் வரும் ஒரு வரியைப் பற்றி அறிஞர் எழுதியவை, அச்சாசனத்தினும் பன்மடங்கு நீண்டவை. தம் நாடகங்களைப் பற்றி அதில் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவரோடு நடித்த ஹெமிஞ்சஸ், கொண்டெல் என்னும் இரு நண்பர்கள் 1623ஆம் ஆண்டிலே முப்பத்தாறு நாடகங்களைத் தொகுத்து அச்சிட்டிராவிடில், அவற்றுட் பதினெட்டு நாடகங்கள் இன்று கிடைத்திரா. மக்பெத்தும் யூலியஸ் சீசரும் அப்பதினெட்டில் அடங்குவன. பிற்காலத்தில் மட்டக்களப்பு ஈந்த விபுலானந்த அடிகள் 'மதங்கசூளாமணி' என்னும் நூலில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழருக்கு ஆராய்ந்து காட்ட முடிந்ததற்கும் அவ்விரு நடிகர்களுக்கே முதற்கண் நன்றி கூறல் வேண்டும்.

செர்வாண்டிஸின் வாழ்வு இதனின் மாறுபட்டது. 1571ஆம் ஆண்டு லெப்பாந்தோ கடற்போரிற் காய்ச்சலோடு போரிட்டு மார்பிற் குண்டடி பட்டார், இடக்கை செயலிழந்தது. 1575இல் ஊர் திரும்பும் வழியிற் கடற்கொள்ளையர் கையிற் சிக்கி அல்ஜியர்ஸ் நகரில் ஐந்து ஆண்டுகள் அடிமையாயிருந்தார். நான்கு முறை தப்ப முயன்றார். நான்கு முறையும் அகப்பட்டார். 1580ஆம் ஆண்டிலே திரித்துவ சபைத் துறவிகள் ஐந்நூறு பொற்காசுகள் கொடுத்து அவரை மீட்டனர். மீண்டு வந்தவருக்குத் தாய்நாடு அளித்தது, கடற்படைக்குக் கோதுமையும் எண்ணெயும் திரட்டும் உத்தியோகம். பின்னர் வரி வசூலித்த கணக்கிற் குறை நேர்ந்ததனாற் செவில் நகரச் சிறை. 'டொன் கிஹோட்டே'யின் முதற் பாகம் 1605இல் வெளிவந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தேழு. அதன் வெற்றியைக் கண்ட மற்றொருவர் புனைபெயரில் ஒளிந்துகொண்டு 1614இற் போலியான இரண்டாம் பாகம் ஒன்றை வெளியிட, செர்வாண்டிஸ் மறு ஆண்டே தமது இரண்டாம் பாகத்தை வெளியிட்டார். போலி நூலைக் கண்டு அவர் கொண்ட சினத்துக்கு உலகம் கடன்பட்டதென்றே கூறலாம். இறுதிச் சடங்கின் எண்ணெய்ப் பூசுதல் நிகழ்ந்த மறுநாள், 1616 ஏப்ரில் 19ஆம் திகதி, தம் கடைசி நூலுக்கு அவர் சமர்ப்பண உரை எழுதினார். மூன்று நாட்களில் உயிர் பிரிந்தது.

ஷேக்ஸ்பியர் பெயரை செர்வாண்டிஸ் கேட்டதற்குச் சான்று இல்லை. மறுபுறமோ, டொன் கிஹோட்டேயின் முதற் பாகம் 1612இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. மறு ஆண்டே ஷேக்ஸ்பியரின் நாடகக் குழு 'கார்டேனியோ' என்ற நாடகத்தை அரசவையில் நடித்தது. கார்டேனியோ என்பது அந்நாவலில் வரும் ஒரு காதலனின் பெயர். பிளெச்சருடன் கூடி ஷேக்ஸ்பியரே அதனை எழுதினார் எனப் பிந்திய பதிவொன்று கூறும். ஏடு அழிந்துவிட்டது.

மூவருள் மூன்றாமவரை நூல்களின் திருநாளிலும் நினைப்போர் சிலரே. கார்சிலாசோ 1539ஆம் ஆண்டு குஸ்கோ நகரிற் பிறந்தார். தந்தை ஸ்பானியப் படைத் தலைவர்; தாயார் இன்கா அரச குலத்து மங்கை. தாய்மொழி கெச்சுவா. இழந்த அரசை எண்ணித் தாய்வழி மாமன்மார் கூடிப் பேசிய பழங்கதைகளைச் சிறுவராயிருந்து கேட்டார்; கயிற்று முடிச்சுகளிற் கணக்கு வைக்கும் கலையையும் கற்றார். 1560இல் ஸ்பானியா சென்று, தந்தையின் சேவைக்கு உரிய மானியத்தை வேண்டினார். போர்க்களத்திலே கலகத் தலைவனுக்குத் தம் குதிரையைக் கொடுத்தவர் அவர் தந்தை என்று சொல்லி அரசாங்கம் மறுத்துவிட்டது. பிறந்த ஊருக்கு அவர் மீளவேயில்லை. பெருவைக் கண்டிராதவர் பெருவின் வரலாற்றை எழுதக் கண்டு, தாமே எழுதத் துணிந்தார். அவருடைய நூலின் முதற் பாகம் 1609ஆம் ஆண்டு லிஸ்பனில் அச்சேறியது. இரண்டாம் பாகம் அவர் மறைந்த பின் 1617இல் வெளிவந்தது. வென்றவரின் மொழியிலே தோற்றவரின் பெருமையை அவர் எழுதி வைத்தார். பெருவில் 1780ஆம் ஆண்டு துப்பாக் அமாரு கலகம் எழுந்து அடங்கியதும், அந்நூலைப் பெரு நாட்டில் எவரும் வாசிக்கலாகாதென அரசாணை பிறந்தது. நூற்றெழுபது ஆண்டு கடந்த ஒரு நூலுக்கு அரசு அஞ்சியது!

1616ஆம் ஆண்டில் ஸ்பானியாவை ஆண்ட மூன்றாம் பிலிப்பே போர்த்துக்கலுக்கும் மன்னர். ஆதலால் அன்று இலங்கைக் கரையோரத்தை ஆண்ட போர்த்துக்கேயரும் அவர் ஆணைக்கு உட்பட்டவரே. அவ்வாண்டில் நல்லூரில் அரசு நிலைத்திருந்தது. மூன்றாண்டுகளின் பின், 1619இல், பிலிப் டி ஒலிவேராவின் படை அதனை வீழ்த்தியது. குஸ்கோவின் கதை யாழ்ப்பாணத்துக்கு அத்துணைத் தொலைவானதன்று.

இத்திகதியில் மறைந்தோர் இன்னும் உளர். கவிஞர் வேட்ஸ்வேத் 1850இல் எண்பதாவது வயதிலும், ரூபர்ட் புரூக் 1915இல் ஈஜியக் கடலில் இருபத்தேழாவது வயதிலும், வங்கத் திரைப்பட மேதை சத்யஜித் ராய் 1992இற் கல்கத்தாவிலும் காலமாயினர்.

நூல்களின் நாள் என்னும் எண்ணம் பார்சிலோனாவில் விசென்டே கிளவெல் என்னும் பதிப்பாளரிடம் பிறந்தது. 1926இல் முதன்முதற் கொண்டாடியபோது அதற்கென ஒக்டோபர் 7 குறிக்கப்பட்டது. 1930இலேயே ஏப்ரில் 23க்கு மாற்றினர். கத்தலோனியாவில் அது ஜோர்ஜின் திருநாளாதலால், அன்று ரோசாப் பூவும் புத்தகமும் கைமாறும். வேடிக்கை என்னவெனில், ஷேக்ஸ்பியரின் நாட்டுப் பள்ளிச் சிறுவர் தம் புத்தக நாளை மார்ச் மாதத்திலே கொண்டாடுகின்றனர்.

ஷேக்ஸ்பியரின் எலும்புகளை அசைப்போரைச் சபிக்கும் கல் ஸ்திராற்போர்ட்டில் இன்றும் கிடக்கின்றது. செர்வாண்டிஸை அடக்கம் செய்தது, அவரை மீட்ட திரித்துவ சபையின் கன்னியர் மடத்தில். அவ்விடம் மறக்கப்பட்டு, 2015இலே பிறர் எலும்புகளோடு கலந்த நிலையிற் கண்டெடுக்கப்பட்டதாக அறிவித்து, அவ்வாண்டே மீண்டும் அடக்கினர். கார்சிலாசோ தம் கல்லறைக்கென, முன்னர் பள்ளிவாசலாயிருந்த கோர்தோவாப் பேராலயத்தில் ஒரு சிற்றாலயத்தைத் தாமே வாங்கியிருந்தார். 1978ஆம் ஆண்டில் ஸ்பானிய மன்னர் குவான் கார்லோஸ் அவரது எச்சத்தின் ஒரு பகுதியைக் குஸ்கோவுக்குக் கொண்டுசென்று ஒப்படைத்தார்.