ஃபினாலே (1988–2024)

2024 ஆகஸ்ட் 26 அன்று அந்தச் செய்தி வந்தது. இசைக்குறியீடு எழுதும் ஃபினாலே மென்பொருளுக்கு இனிப் புதிய பதிப்பு இல்லை, விற்பனையும் இல்லை என்று, கடைசிக் காலத்தில் அதைப் பேணிவந்த மேக்மியூசிக் நிறுவனமே அறிவித்தது.

ஃபில் ஃபாரண்ட் எழுதிய நிரலாக, அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து, 1988இல் மேக்கின்டாஷ் கணினிக்கு வந்து சேர்ந்தது அது. (ஸ்டார் ட்ரெக் தொடரின் பிழைகளைப் பொறுக்கியெடுத்துப் புத்தகங்களாக எழுதியவரும் இதே ஃபாரண்ட்தான், குறை காணும் கண் வாய்த்தவர்.) ஃபினாலேவுக்குக் கறாரான சுபாவம், எளிதில் பிடிகொடுக்காது. ஆனால் பழகியவர்களுக்கு, இடது கையால் மிடி கீபோர்டில் சுரத்தை அழுத்திக்கொண்டு வலது கையால் 5ஐத் தட்டினால் கால் நோட்டு, 6 என்றால் அரை, 7 என்றால் முழு நோட்டு என்று, மனம் நினைக்கும் வேகத்திலேயே திரையில் இசை விழுந்துகொண்டிருக்கும். வயலினுக்கும் கொம்புக்கும் முரசுக்கும் தனித்தனித் தாள்களைக் கையால் படியெடுத்து விடியவிடியக் கண் விழித்த பிரதியாளர்களின் சுமையைப் பெருமளவு இறக்கிவைத்தது அதுதான். 1501இல் வெனிஸில் இசையை அச்சேற்றிய பெத்ருச்சியின் பெயரைத் தன் எழுத்துருவுக்குச் சூட்டிக்கொண்டதில், தான் எந்த வழியில் வந்தோம் என்ற நினைவும் அதற்கு இருந்தது.

முதுமையின் அறிகுறிகள் முன்பே தெரிந்தன. 2019இல் ஆப்பிள் தன் கணினிகளில் 32 பிட் நிரல்களுக்குக் கதவடைத்தபோது, அதன் பழைய பதிப்புகள் பல அங்கே ஓடாமல் போயின. 2024 அறிவிப்பில், ஓராண்டுக்குப் பின் புதிய கணினியில் அதை அங்கீகரிக்க முடியாது என்று முதலில் சொன்ன நிறுவனம், எழுந்த குரல்களைக் கேட்டு அந்த முடிவை மாற்றிக்கொண்டது. ஆனாலும் அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதுமா, அதை ஏற்றுக்கொள்ளும் கணினியும் வேண்டுமே.

அதன் கோப்புகளை அதனால் மட்டுமே முழுமையாகப் படிக்க முடியும் என்பதுதான் நம் துக்கத்தின் பெரும்பகுதி. போகுமுன் அது காட்டிவிட்டுப் போன வழி மியூசிக்எக்ஸ்எம்எல். மைக்கேல் குட் வகுத்து 2004இல் முதல் பதிப்பாக வெளியிட்ட அந்தப் பொது வடிவத்தில் சுரமும் காலமும் பாடல் வரிகளும் பிழைத்துவிடுகின்றன. ஒரு வளைகோட்டை மயிரிழை மேலே நகர்த்தி, பக்கம் திரும்பும் இடத்தில் வாசிப்பவருக்குக் கை ஓயட்டும் என்று இடம் விட்ட அக்கறை பல சமயம் வழியில் உதிர்ந்துவிடுகிறது. பக்கத்தின் அந்த முகத்தைக் காக்கவே கூடவே ஒரு பிடிஎஃப்பும் எடுத்துவைக்கிறோம். அதைப் பார்க்கலாம், வாசிக்கலாம், ஆனால் ஒரு சுரத்தைத் திருத்துவது லேசில் ஆகாது. மிக முக்கியமானவற்றை நல்ல தாளிலும் அச்சிட்டு வைக்கிறவர்கள் உண்டு. ஃபினாலேவின் கடைசிப் பதிப்பு கோப்புறை முழுவதையும் ஒரே மூச்சில் மியூசிக்எக்ஸ்எம்எல்லாக மாற்றித் தரும். அது ஓடும் கணினி கைவசம் இருக்கும்போதே உட்கார்ந்து செய்துவிட வேண்டிய வேலை இது.

பிறகு பலர் டோரிக்கோ என்ற இன்னொரு இசைக்குறியீட்டு மென்பொருளுக்குக் குடிபெயர்ந்தார்கள். சலுகை விலையோடு நிறுவனமே கைகாட்டிய வீடு அது. வசதிக்குக் குறைவில்லை. அங்கே கால் நோட்டுக்கு 6. நம் விரல் இன்னும் 5க்குத்தான் போகிறது.