சீட்டில் பிறந்த இலக்கணம்

மெஷின் சரியாக ஓடுகிறதா என்பதை எஞ்சினியர்கள் நாம் அளந்து பார்த்துத்தான் சொல்வோம். ஆனால் ஆங்கில இலக்கணம் என்று வந்துவிட்டால் ரென் அண்ட் மார்ட்டின் சொன்னதே வேதவாக்கு! 'வெள்ளைக்காரன் நிஜமாவே இப்படித்தான் பேசுறானா?' என்று நம்ம வகுப்பில் யாரும் கேட்டதில்லை. இங்கிலாந்தில் கேட்டார் பேராசிரியர் ராண்டால்ஃப் குவர்க். 1959-ல் அவர் ஆரம்பித்த 'சர்வே ஆஃப் இங்கிலீஷ் யூசேஜ்' பிறகு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நிலைபெற்றது.

திட்டம் என்னவோ எளிதுதான், வேலை மலை. தலா 5,000 சொற்களில் 200 மாதிரிகள். பாதி எழுத்து, பாதி பேச்சு. பேசுகிறவருக்கே தெரியாமல் டேப்பில் பிடித்த அரட்டைகளும் உண்டு (இன்றைக்குச் செய்தால் சும்மா விடுவார்களா?). குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே நிற்கிறது என்பதையெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டுக் குறியிட்டார்கள். கம்ப்யூட்டர் கிடையாது. இலக்கணக் கூறு ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி, அலமாரி அலமாரியாக அடுக்கினார்கள்.

அமெரிக்காவில் பிரௌன் பல்கலைக்கழகத்தின் நெல்சன் ஃபிரான்சிஸும் ஹென்றி குசேராவும் கம்ப்யூட்டரிலேயே இறங்கிவிட்டார்கள். 1961-ல் அங்கே அச்சானவற்றிலிருந்து தலா 2,000 சொற்களில் 500 மாதிரிகள், 1964-ல் தயார். இதற்கு மானியம் கிடைத்திருக்கிறது என்று ஃபிரான்சிஸ் சொன்னபோது, ராபர்ட் லீஸ் என்ற மொழியியலாளர், 'உங்கள் நேரமும் தண்டம், அரசாங்கப் பணமும் தண்டம். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் பத்து நிமிஷம் யோசித்தால் வேண்டிய உதாரணம் கிடைக்குமே' என்கிற பாணியில் பேசினாராம். சாம்ஸ்கியின் கொள்கை கொடிகட்டிப் பறந்த காலம் அது.

தாய்மொழிக்காரருக்குச் சரி. தமிழ் மீடியத்திலிருந்து வந்த நமக்கு? பத்து நிமிஷம் யோசித்தால் தமிழ்தான் வரும்! எண்ணிப் பார்ப்பதென்றால் நாமும் பார்க்கலாம். பிரௌன் தொகுப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 சொல் 'தி'. அதிலுள்ள வெவ்வேறு சொற்களில் கிட்டத்தட்டப் பாதி, ஒரே ஒரு தடவைதான் வருகின்றன. இதை யார் உட்கார்ந்து யோசித்துச் சொல்லியிருக்க முடியும்?

நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ்.வி.சாஸ்திரி தலைமையில், 1978-ல் இந்தியாவில் அச்சான ஆங்கிலத்திலிருந்து 10 லட்சம் சொற்கள் தொகுத்தார்கள். சிவப்பு மையால் அடிப்பதற்கு முன்னால், இந்தியர் உண்மையில் என்னதான் எழுதுகிறார்கள் என்று பார்க்க வழி பிறந்தது. எனக்கு இதில்தான் ரொம்பப் பெருமை.

லண்டன் சீட்டுகளும் வீண் போகவில்லை. அவற்றின் பேச்சுப் பகுதியை ஸ்வீடனின் லண்ட் பல்கலைக்கழகத்தில் யான் ஸ்வார்ட்விக் 1975-லிருந்து கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தார். குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் நால்வரும் 1985-ல் வெளியிட்ட பெரிய இலக்கண நூல் 1,700 பக்கங்களைத் தாண்டும்.

தம்பி தங்கைகளே, இன்றைக்கு இதெல்லாம் ஒரு லேப்டாப் வேலை. 'ஆன்ட்காங்க்' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நம் கல்லூரி மலர்களின் பழைய ஆங்கிலப் பக்கங்களை டைப் அடித்து அதில் போட்டுப் பாருங்கள். 'டிஸ்கஸ் அபௌட்' எத்தனை இடத்தில் வருகிறது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.