சதுரக்குழித் திருகாணி

தலையின் நடுவில் நான்கு மூலையுள்ள குழி கொண்ட திருகாணி இது. அதே அளவில் சதுரமாக முடியும் திருப்புளியையோ பிட்டையோ குழிக்குள் செருகித் திருப்ப வேண்டும். கனடாவில் இதற்கு ராபர்ட்சன் என்று பெயர். தமிழ்நாட்டில் புழக்கத்தில் பெயரே கிடையாது. பொருள் வராத ஊரில் பெயருக்கு வேலையில்லை. திருவண்ணாமலையில் ஒரு ஹார்டுவேர் கடையில் திருகாணி கேட்டால் கடைக்காரர் திருப்பிக் கேட்பது மைனஸா, ஸ்டாரா என்றுதான். ஸ்டார் என்று இங்கே சொல்லப்படுவது கூட்டல் குறி போட்ட பிலிப்ஸ் தலை. உண்மையிலேயே நட்சத்திர வடிவம் கொண்ட டார்க்ஸ் தலை பின்னால் வந்தபோது அதற்குரிய பெயர் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. பிடிமானத்தில் ஸ்டாரைவிட மேலான சதுரக்குழி ஏன் இங்கு வேரூன்றவில்லை என்று கேட்டால் வழக்கமாக இரண்டு விடை வரும்: காப்புரிமை வைத்திருந்தவரின் பிடிவாதம் ஒன்று, நம் தச்சர்களின் பழமைப் பற்று மற்றொன்று. இரண்டும் அரைகுறை விடைகள். திருகாணியின் தலையை அதைத் திருப்பும் கருவிதான் தேர்ந்தெடுக்கிறது. பின்னொரு நாள் அதைக் கழற்றப்போகிறவரின் கையில் என்ன இருக்கும் என்பதும் அந்தத் தேர்வில் சேர்ந்துகொள்கிறது. சதுரக்குழியின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

முதலில் அதன் இயக்கம். மைனஸ் தலையில் திருப்புளியின் நுனியை நடுவில் நிறுத்தி வைக்க எதுவும் இல்லை. கை சற்றுச் சாய்ந்தால் பக்கவாட்டில் வழுக்கி மரத்தைக் கீறும், பிடித்திருக்கும் விரலையும் பதம் பார்க்கும். ஸ்டார் தலையில் நுனி தானாக நடுவுக்கு வந்து உட்காரும். ஆனால் அதன் பள்ளத்துச் சுவர்கள் சரிவானவை. முடுக்கும் விசை கூடக் கூட அந்தச் சரிவே பிட்டை மேலே தள்ளும். உடம்பின் எடையைப் போட்டு அழுத்தாவிட்டால் பிட் எகிறும். இரண்டு மூன்று முறை எகிறிய பிறகு பள்ளத்தின் விளிம்பு மழுங்கி, திருகாணி உள்ளேயும் போகாது வெளியேயும் வராது. சதுரக்குழியின் சுவர்கள் ஏறக்குறைய செங்குத்தானவை என்பதால் விசை முழுவதும் திருப்புவதற்கே செலவாகிறது. ராபர்ட்சன் குழி அடியை நோக்கி மிக லேசாகக் குறுகும். அதனால் திருகாணி பிட்டின் நுனியில் இறுகி நிற்கும். ஒரு கையால் கதவைத் தாங்கிக்கொண்டு மறு கையால் கீலை முடுக்கிவிடலாம். குறைகளும் உண்டு. பிட்டின் மூலைகள் குழியின் மூலைகளோடு ஒத்துவரும்படி பார்த்துச் செருக வேண்டும். குழியில் பெயிண்ட் அடைத்துக்கொண்டால் ஊசியால் சுரண்டி எடுக்க வேண்டும். பிட் எகிறாததே சில சமயம் ஆபத்து: எப்போது நிறுத்துவது என்று தெரியாதவர் கையில் பித்தளைத் திருகாணியின் கழுத்து முறிந்துவிடும். அளவு ஒன்று தப்பினாலும் வேலைக்கு ஆகாது. அதற்காகவே கனடாவில் 0 மஞ்சள், 1 பச்சை, 2 சிவப்பு, 3 கறுப்பு என்று திருப்புளிப் பிடிகளுக்கு நிறம் வைத்திருக்கிறார்கள்.

மைனஸ் வெட்டுத் தலை ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. அரத்தால் கோடு இழுத்தாலே வெட்டு கிடைத்துவிடும் என்பது அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம். சதுரக் குழியைத் தலைக்குள் இறக்குவது அவ்வளவு எளிதாக இல்லை. ராபர்ட்சனுக்கு முன்பே 1875இல் அமெரிக்காவில் அப்படி ஒரு திருகாணிக்குக் காப்புரிமை தரப்பட்டும் அது சந்தைக்கு வந்து நிலைக்கவில்லை. ஒன்டாரியோவைச் சேர்ந்த பீட்டர் லிம்பர்னர் ராபர்ட்சன் கருவி விற்பனையாளர். 1906இல் மான்ட்ரியலில் சுருள்வில் திருப்புளி ஒன்றை இயக்கிக் காட்டும்போது நுனி வெட்டிலிருந்து வழுக்கி அவர் கையைக் கிழித்தது. அதிலிருந்து பிறந்ததுதான் சதுரக்குழி என்பது அவரைப் பற்றிய பிரபலமான செய்தி. அவருடைய உண்மையான சாதனை வேறு இடத்தில் இருக்கிறது. குழியின் ஓரத்தைச் சரித்து, அடியைக் கூம்பாக்கி, எஃகைச் சூடாக்காமலே ஒரே குத்தில் குழியை அழுத்தி உருவாக்கும்படி வடிவத்தை அமைத்தார். தலை வெடிக்கவில்லை, செலவும் கட்டுப்பட்டது. 1908இல் டொராண்டோவுக்கு மேற்கே மில்டன் ஊரில் ஆலை தொடங்கியது. 1909இல் காப்புரிமை கிடைத்தது. ஃபோர்டு மாடல் டி காருக்கு மரக்கூடு செய்த ஃபிஷர் பாடி நிறுவனம் இதைப் பயன்படுத்தியதில் காருக்கு இரண்டு மணி நேரம் மிச்சமானதாகச் சொல்வார்கள். ஃபோர்டு உற்பத்தி உரிமம் கேட்டார். பிரிட்டனில் உரிமம் கொடுத்துச் சூடுபட்டிருந்த ராபர்ட்சன் மறுத்துவிட்டார். 1930களில் அமெரிக்காவின் போர்ட்லண்டைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ், தாம்சன் என்பவரிடமிருந்து கூட்டல் தலை யோசனையை வாங்கி மெருகேற்றி, தாமே செய்யாமல் உரிமமாக விற்றார். 1936இல் காடிலாக் கார்களில் அது ஏறியது. சில ஆண்டுகளில் அமெரிக்கத் திருகாணி ஆலைகளில் பெரும்பாலானவை அதைச் செய்யத் தொடங்கின.

இங்கே கதையை முடித்துவிடுபவர்கள் பலர்: உரிமம் கொடுத்தவர் வென்றார், கொடுக்காதவர் தோற்றார். அமெரிக்காவைப் பொறுத்தவரை இதில் நிறைய உண்மை உண்டு. ஆனால் ராபர்ட்சனின் காப்புரிமை காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. லூதியானாவிலோ சென்னையிலோ எந்த ஆலையும் யாரிடமும் கேட்காமல் சதுரக்குழியைக் குத்தலாம். 1966இல் சென்னை பாடியில் தொடங்கப்பட்ட சுந்தரம் ஃபாஸனர்ஸ் மாதிரி உயர் வலிமை போல்ட்டுகளைச் செய்யும் ஆலைகள் உள்ள மாநிலத்துக்கு அந்தத் தொழில்நுட்பம் ஒரு பொருட்டில்லை. எனவே இங்கு அது வராததற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

இந்தியாவுக்கு மரத்திருகாணி வந்த வழி பிரிட்டிஷ் வழி. கூர்முனைத் திருகாணிக்கு ஸ்லோன் என்பவர் பெற்றிருந்த அமெரிக்கக் காப்புரிமையை 1854இல் பர்மிங்காம் பக்கத்து ஸ்மெதிக்குக்குக் கொண்டுவந்த நெட்டில்ஃபோல்ட் நிறுவனம் 1902இல் கெஸ்ட் கீனுடன் இணைந்தது. அதன் இந்தியக் கிளையாக ஹவுராவில் இயங்கிய கெஸ்ட் கீன் வில்லியம்ஸ் செய்த நெட்டில்ஃபோல்ட் மைனஸ் திருகாணிகள் நாடெங்கும் போயின. 1972இன் இந்தியத் தரமான ஐஎஸ் 6760 வெட்டுத் தலை மரத்திருகாணிக்கே வகுக்கப்பட்டது. ஆனால் தரமும் கம்பெனியும் மட்டும் ஒரு வடிவத்தை நூறாண்டு காப்பாற்றாது. நம் மரவேலையில் திருகாணி உள்ளே போகும் விதத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். ஆசாரி சிறு துளை போட்டு, புரியில் சோப்பு தடவி, திருகாணியை வைத்துச் சுத்தியலால் முக்கால்வாசி அடித்து இறக்குவார். கடைசி இரண்டு மூன்று சுற்றுதான் திருப்புளிக்கு. புரி மரநாரைக் கிழித்துக்கொண்டு இறங்குவதால் பிடிப்பு குறையும் என்று எந்தப் பாடநூலும் இதைக் கண்டிக்கும், கண்டிப்பதும் நியாயமே. ஆனால் இரண்டு சுற்றுக்கு மைனஸ் தாராளம். ராபர்ட்சனின் கையைக் கிழித்த சிக்கல், அதாவது வேகமாகப் பல சுற்று திருப்பும்போது வழுக்குவது, இங்கே எழவே இல்லை. தவிர, மைனஸ் தலையைக் கழற்ற டெஸ்டர் போதும், கத்தி முனை போதும், அவசரத்துக்கு ஒரு ரூபாய் நாணயம் போதும். திருப்புளி வாங்கி வைக்காத வீட்டிலும் திறக்கக்கூடிய ஒரே தலை அது.

தச்சர்கள் புதியதை ஏற்காதவர்கள், சதுரத்தின் அருமை தெரியாதவர்கள் என்ற வாதத்தைத் திருவண்ணாமலையே மறுக்கும். சதுரம் அந்த ஊருக்குப் புதிதில்லை. தெருவோரக் குழிக்குள் குடிநீர் வால்வைத் திறக்க வருபவர் ஆள் உயர டி-சாவியை இறக்குகிறாரே, அதன் அடியிலுள்ள சதுர வாய் வால்வுத் தண்டின் சதுரத் தலையைத்தான் கவ்வுகிறது. லேத் பட்டறையில் சக்கை இறுக்கும் சாவி சதுரம். பழைய சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்த தண்டும், கதவுக் கைப்பிடி இரண்டையும் இணைக்கும் கம்பியும் சதுரமே. பலமாகத் திருப்ப வேண்டிய இடத்துக்குச் சதுரம் ஏற்றது என்பது இங்கே எல்லா வேலைக்காரருக்கும் பழகிய சங்கதி. பெரிய மரவேலையில் திருகாணியின் தலையை நம்பியே யாரும் இருந்ததில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் அண்ணாமலையார் கோயிலின் ஐந்து தேர்களும் மாட வீதி சுற்றி வரும். இத்தகைய பெருந்தேர்களில் பாரம் தாங்குவது துளையில் இறங்கிய கழுந்தும், இரும்புப் பட்டையும், மரத்தை ஊடுருவிப் போகும் போல்ட்டும்தான். ஆடி அசைந்து வரும் தேரில் மரம் நெகிழும். நட்டை ஸ்பானரால் மறுபடி இறுக்கிவிடலாம். மரத்துக்குள் புதைந்த திருகாணிக்கு அந்த வசதி கிடையாது. மாட்டுவண்டிக் காலத்திலிருந்து வரும் உருண்டைத் தலைப் போல்ட்டில் தலைக்கு அடியில் ஒரு சதுரக் கழுத்து இருக்கும். நட்டை முடுக்கும்போது போல்ட் சுற்றாமலிருக்க அது மரத்தைக் கடித்து நிற்கும். ராபர்ட்சன் திருப்புவதற்கு வைத்த சதுரத்தை வண்டி ஆசாரி திரும்பாமல் இருப்பதற்கு வைத்துக்கொண்டார்.

பழமைப் பற்று வாதத்துக்குக் கடைசி அடி, அதே தச்சர்கள் ஸ்டாருக்கு மாறிய வேகம். முதலில் மாறியவர்கள் மெக்கானிக்குகள். 1984இல் ஓசூரிலிருந்து சுசுகி கூட்டில் 100 சிசி பைக்குகள் வரத் தொடங்கின. ஹோண்டா, யமஹா கூட்டு வண்டிகளும் அந்தப் பத்தாண்டில் வந்தன. என்ஜின் மூடிகளில் கூட்டல் தலைத் திருகாணிகள் வரிசையாக இருந்தன. ஜப்பானியத் தரத்துக் கூட்டல் தலை பார்வைக்கு பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், பள்ளத்தின் அடி மட்டும் சற்று வேறு. பிலிப்ஸ் நுனி அடிவரை இறங்காமல் விளிம்பைத் தின்னும். அதனால்தான் பட்டறைகளில் சுத்தியலால் தலையில் அடித்தால் நுனி அழுந்திக்கொண்டே சுழலும் இம்பாக்ட் திருப்புளி வந்து சேர்ந்தது. தச்சர்களின் முறை பிறகு, பேட்டரி டிரில்லோடு வந்தது. பிளைவுட் அலமாரியும் ஜிப்சம் கூரையும் பரவியபோது கறுப்பு நிறக் கூர்திருகாணி ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டது. சுத்தியலால் அடித்தால் பிளைவுட் பிளக்கும், ஜிப்சம் நொறுங்கும். திருகாணியின் முழு நீளத்தையும் இயந்திரம் திருப்ப வேண்டியிருந்த அந்தக் கணத்தில் மைனஸ் போயிற்று. ராபர்ட்சன் 1906இல் எதிர்கொண்ட சிக்கல் திருவண்ணாமலைக்கு நூறாண்டு தாமதமாக வந்தது என்று சொல்லலாம்.

அப்படியானால் அப்போதாவது சதுரம் வந்திருக்க வேண்டாமா என்பது நியாயமான எதிர்க்கேள்வி. டிரில் பெட்டிக்குள்ளேயே 2ஆம் எண் ஸ்டார் பிட் வந்தது. கீல் பாக்கெட்டுக்குள் ஸ்டார் திருகாணி வந்தது. பத்து ரூபாய்க்கு உபரி பிட் எங்கும் கிடைத்தது. டிரில்லின் கிளட்ச், குறித்த இறுக்கத்தில் தானே வழுக்கி நின்றதால் பிட் எகிறும் தொல்லையும் பாதி குறைந்தது. மீதிப் பாதியை யாரும் மறைக்க முடியாது: வேங்கை, தேக்கு போன்ற மரத்தில் நீளத் திருகாணியை இறக்கும்போது ஸ்டார் தலை மழுங்குவது இன்றும் அன்றாடச் செலவு. அங்கே சதுரக்குழியோ டார்க்ஸோ ஐயமின்றி மேல். ஆனால் ஊரில் ஒருவர் மட்டும் சதுரக்குழி போட்டுக் கதவு மாட்டினால், ஐந்து வருடம் கழித்துக் கீல் மாற்ற வரும் வேறொரு ஆசாரியின் பையில் அந்தப் பிட் இருக்காது. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வீட்டுவேலை செய்யும் தமிழருக்கு இந்தக் கவலை கிடையாது; சிவப்புப் பிடித் திருப்புளி அங்கே எல்லாப் பையிலும் இருக்கும். அங்கேயும் சுவிட்ச், பிளக் பாயிண்ட் திருகாணிகள் பலவற்றில் சதுரக்குழியின் குறுக்கே ஒரு மைனஸ் வெட்டும் போட்டிருப்பார்கள்.

இந்தியாவில் இப்போது சதுரக்குழி நுழைவது சாய்துளை போட்டுப் பலகை இணைக்கும் பாக்கெட் ஹோல் கருவிகளோடுதான். ஆன்லைனில் வாங்கும் அந்தப் பெட்டியில் திருகாணிகளோடு அவற்றுக்குரிய நீளச் சதுர பிட்டும் சேர்ந்தே வருகிறது.