மல்லைக் கடலோரம் – 7: மூன்று நாள் தூரம்

அப்பாவின் நாட்டை மீட்கப் பல்லவப் படையோடு இலங்கையில் இறங்கிய மானவர்மன் எதிரியை விரட்டிவிட்டான். வெற்றி கைக்கெட்டிய நேரத்தில் பாசறைக்கு ஒரு சேதி வந்தது என்று சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். சேதி இதுதான்: காஞ்சியில் நரசிம்ம பல்லவர் நோயில் விழுந்துவிட்டார், பிழைப்பது அரிது.

பல்லவ வீரர்கள் மூட்டை கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கள் அரசன் சொன்னான் என்று வந்தவர்கள். அவனே சாகக் கிடக்கும்போது யாருடைய அரியணைக்காக அங்கே நிற்பது? அவர்கள் கப்பலேறியதும், ஓடி ஒளிந்திருந்த தாட்டோபதிஸ்ஸன் படை திரட்டிக்கொண்டு திரும்பினான். சொந்த மண்ணை மிதித்த மானவர்மன், மறுபடியும் அகதியாகத் தொண்டை நாட்டுக்கே வந்து சேர்ந்தான்.

640 வாக்கில் காஞ்சிக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங்கின் வரலாறு, இந்தக் கரையிலிருந்து சிங்களத்துக்கு மூன்று நாள் கடல்வழி என்கிறது. மூன்றே நாள்! அதைக் கடந்து வீடு சேர மானவர்மனுக்கு வாழ்நாளில் பாதி போயிற்று. மனைவி சங்கா, மலைய நாட்டு அரசன் மகள். நான்கு ஆண், நான்கு பெண் என்று எட்டுப் பிள்ளைகளும் அந்நிய மண்ணிலேயே பிறந்தார்கள். ‘நம்ம ஊர்’ என்று அப்பா சொல்லும் ஊரை ஒரு பிள்ளைகூடப் பார்த்ததில்லை. அவன் காத்திருந்த காலத்துக்குள் அனுராதபுரத்தில் நான்கு அரசர்கள் மாறினார்கள்.

இப்படி ஒருவனைக் காஞ்சி மன்னன் ஏன் இத்தனை காலம் தாங்கினான்? இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சம் ஒரு சம்பவம் சொல்கிறது. ஒருநாள் இருவரும் ஒரே யானைமேல் போகிறார்கள். தாகமெடுத்த நரசிம்மன் இளநீர் குடித்துவிட்டு, மிச்சத்தை மானவர்மனிடம் நீட்டுகிறான். பிறர் எச்சிலை ஓர் அரசகுமாரன் தொடுவதா? மானவர்மன் ஒரு கணம் யோசிக்கிறான். நண்பன் கொடுத்ததில் எச்சில் என்ன என்று வாங்கிக் குடிக்கிறான். பார்த்துக்கொண்டிருந்த நரசிம்மனுக்குத் திக்கென்றது. காயைத் திரும்ப வாங்கி, மானவர்மன் வைத்த மிச்சத்தைத் தானும் குடித்தான். அன்றிலிருந்து உணவிலும் உறைவிடத்திலும் இருவருக்கும் வேற்றுமை இல்லை. அந்த நூலில் எத்தனையோ போர்கள் வருகின்றன. என் மனசில் நிற்பது இந்த இளநீர்தான்.

இன்னொரு கடனும் இருந்தது. சாளுக்கியன் படையெடுத்து வந்தபோது, ‘போரில் இவன் மாண்டால் நான் செய்ய நினைத்த உதவியெல்லாம் வீணாகுமே’ என்று மானவர்மனை விட்டுவிட்டே நரசிம்மன் களம் போனான். அவன் போனபின் தான் மட்டும் உயிரோடிருந்து என்ன பயன் என்று மானவர்மன் பின்னாலேயே போய்ப் போரிட்டான். சாளுக்கிய மன்னன் புலிகேசியைப் பல்லவர் முறியடித்த களங்களில் ஒன்று, தாம்பரத்துக்கு மேற்கே இருக்கும் நம் மணிமங்கலம்.

இரண்டாம் பயணத்துக்கு வருவோம். இது 684 வாக்கில் என்பார்கள். மாமல்லன் என்ற நரசிம்மனின் ஆட்சியோ 668-இல் முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. சூளவம்சம் மட்டும் இரண்டு முறையும் நரசிம்மன் பெயரையே சொல்கிறது. இந்தப் பதினாறு ஆண்டு முடிச்சுக்குத் தனி அத்தியாயம் வேண்டும். படை கிளம்பிய துறையின் பெயரையும் நூல் தரவில்லை. பல்லவரின் பெருந்துறை மாமல்லபுரம் என்பதால் அறிஞர் பலரும் இந்தக் கரையையே சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

கப்பல்கள் தயார். அரசனே கரைக்கு வந்து, ‘இவரோடு போங்கள்’ என்றான். ஒருவரும் ஏறவில்லை! மன்னன் வராத கடல் பயணத்துக்கு வீரர்கள் மசியவே இல்லை.

நரசிம்மன் ஒரு தந்திரம் செய்தான். தன் அணிகலன்கள், அரசச் சின்னங்கள் எல்லாவற்றையும் மானவர்மனுக்குக் கொடுத்துக் கப்பலேற்றினான். தன் முரசையும் கொடுத்து, கடலுக்குள் போனதும் முழங்கச் சொன்னான். பிறகு ஒளிந்துகொண்டான். முரசொலி கடலிலிருந்து வந்ததும், ‘நம் மன்னர் போகிறார்!’ என்று அத்தனை பேரும் முண்டியடித்து ஏறினார்கள். ஒரு நகரமே மிதந்து போவதுபோல் இருந்ததாம்.

இலங்கைத் துறையில் இறங்கிச் சில நாள் இளைப்பாறினார்கள். வடபகுதி மானவர்மன் வசமானது. அடுத்தது அனுராதபுரம். அங்கே அரியணையில் இருந்தவன் ஹத்ததாட்டன். ஆனால் அவன் பெயருக்குத்தான் அரசன். அவனை அங்கே உட்கார வைத்து ஆட்டிவைத்தவன் வேறொருவன். பெரும்படையோடு அவனும் புறப்பட்டுவிட்டான்.

அவன் பெயர் பொத்தகுட்டன். அவனும் தமிழன்!

வந்திருப்பது தங்கள் மன்னன் இல்லை என்பது பல்லவ வீரர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். சென்ற முறை ஒரு சேதிக்கே ஊர் திரும்பியவர்கள், இந்த முறை நிற்பார்களா?

(தொடரும்)