மஞ்சள் பையும் லாபக் கணக்கும்

சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பளபளவென்று மின்னும். ஒரு பிளாஸ்டிக், அதன்மேல் அலுமினியப் பூச்சு, அப்புறம் இன்னொரு பிளாஸ்டிக். பிரித்தெடுப்பது பெரும்பாடு. பழைய பேப்பர்காரர்கூட ‘வேணாம் சார்’ என்பார்.

ஜெர்மனியில் 1991-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பாக்கெட் போட்டு விற்கிறாயா? காலி பாக்கெட்டுக்கும் நீதான் பொறுப்பு! கம்பெனிகள் கூடிக் கட்டணம் கட்டின. பொருட்களின் மேல் பச்சைப் புள்ளி, வீடுகளில் மஞ்சள் பை. ஜனங்கள் சமர்த்தாகப் பிரித்துப் போட்டார்கள். குப்பை மலையாகக் குவிந்தது. பாட்டில் சரி, கலந்துகட்டிய மிச்சத்தை என்ன செய்வது?

‘எங்களிடம் கொடுங்கள்’ என்றது பி.ஏ.எஸ்.எஃப். பிளாஸ்டிக் என்பது நீளமான கார்பன் சங்கிலி. 400 டிகிரிக்கு மேல் காய்ச்சினால் சங்கிலி அறுந்து எண்ணெயும் வாயுவும் கிடைக்கும். அதிலிருந்து மறுபடி புது பிளாஸ்டிக்! 1994-ல் லுட்விக்ஸ்ஹாஃபெனில் சோதனை ஆலை. வருடத்துக்கு 15,000 டன். அடுத்து 3 லட்சம் டன் என்று திட்டம்.

1996-ல் இழுத்து மூடிவிட்டார்கள்.

விஞ்ஞானம் பாஸ், கணக்கு ஃபெயில். கட்டுப்படியாகிற கூலிக்கு, தொடர்ந்து குப்பை வரும் என்ற உத்தரவாதம் கிடைக்கவில்லை. இரும்பு ஆலைகளோ அதே குப்பையை உலையில் போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தன.

2018-ல் அதே கம்பெனி ‘கெம்சைக்ளிங்’ என்று மறுபடி தொடங்கியது. நான் காமர்ஸ்காரன், கெமிஸ்ட்ரி தெரியாது. ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: சிப்ஸ் தீர்ந்த பிறகு பாக்கெட்டுக்கு யார் பணம் கட்டுவது? அன்றைக்கு ஆலையை மூடியது அந்தக் கேள்விதான்.